எத்தனை ஹெச்பி ஏறும், கியாரண்டி உண்டா?

குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரத்தில் டியூனிங் வேலை எடுக்கும் பட்டறைக்கு வருகிறவர் பெரும்பாலும் விலையை முதலில் கேட்பதில்லை. "எத்தனை ஹெச்பி ஏறும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார். பதில் சொன்ன கையோடு அடுத்த கேள்வி: "கியாரண்டி உண்டா?" வந்த வேலை கைநழுவிவிடுமோ என்ற பதற்றத்தில் நம்மவர்கள் சட்டென்று ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். "இருபது ஏறும் அண்ணாச்சி, நான் பொறுப்பு." அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று தோண்டினால், மேப் ஃபைல் விற்ற கம்பெனியின் விளம்பரத் தாளில் போய் நிற்கும். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பருவத்தில், புது வண்டியில் எடுத்த எண் அது. மிளகாய் மூட்டையும் பருத்தித் தாட்டும் ஏற்றி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இன்னொரு வகை ஆளும் தொழிலில் உண்டு. "வண்டிக்கு வண்டி மாறும் அண்ணாச்சி, நாம எதுவும் சொல்ல முடியாது" என்பார். பணத்தை மட்டும் முழுசாக எண்ணி வாங்கிக்கொள்வார். முதல் ஆளைவிட இவர் யோக்கியர் என்று நினைத்துவிட வேண்டாம். என்ன கிடைக்கும் என்று சொல்லவும் தெரியாது, கிடைத்ததா என்று காட்டவும் தெரியாது என்றால் எதற்காகக் காசு வாங்குகிறோம்?

கியாரண்டி கொடுங்கள். ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட முடிகிறதை மட்டும் கொடுங்கள். எழுதித் தர முடியாத எதையும் வாயாலும் தராதீர்கள். இந்த விதியை ஒழுங்காகப் பிடித்தால், இன்று நீங்கள் அள்ளிவிடும் வாக்குறுதிகளில் பாதிக்குமேல் உதிர்ந்துவிடும். உதிரட்டும். மிஞ்சுவதை எப்படி எழுதுவது என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

இழந்த பவர் வேறு, ஏற்றிய பவர் வேறு

கரிசல் காட்டு வண்டிக்குப் பவர் குறைவதற்கு இசியு கடைசிக் காரணம். கோடையில் உழுத காட்டைத் தாண்டி வருகிற புழுதி டால்கம் பவுடர் மாதிரி மெலிசானது. ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டர் பெட்டியின் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால் ஓரமாக நுழைந்து டர்போவின் விசிறியையே அரிக்கும். இன்டர்கூலர் ஓஸ் வெயிலில் காய்ந்து கீறல் விட்டிருக்கும். வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது, டர்போ அழுத்தம் ஏறியவுடன் வாய் பிளக்கும். இஜிஆர் வால்வில் கரி கட்டியிருக்கும். இன்ஜெக்டர் திரும்பிவிடும் டீசல் அளவு கூடியிருக்கும். மழைக்காலத்தில் களிமண் அப்பிய பிரேக், சரியாக விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். கிளட்ச் வழுக்கும். இதில் எது இருந்தாலும் ஓட்டுகிறவர் சொல்வது ஒன்றேதான்: "வண்டி திணறுது."

பேச்சு இப்படித்தான் நடக்கும்.

"தம்பி, லோடோட கம்மாக்கரை ஏறும்போது திணறுது. ஏதோ மேப்பு போடுவியாமுல்ல, போட்டா எத்தன ஹெச்பி ஏறும்?"

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. ஃபில்டர் எப்ப மாத்துனீய?"

"மாத்தணுமாக்கும்? ஊதி ஊதித்தான போடுதேன்."

இந்த வண்டிக்கு மேப் போட்டால் என்ன ஆகும்? டியூனர் வழக்கம்போல வேலையோடு வேலையாக ஃபில்டரை மாற்றுவார், ஓஸ் கிளிப்பை இறுக்குவார், இஜிஆரைச் சுத்தம் செய்வார், பிறகு ஃபைலை ஏற்றுவார். வண்டி பாயும். வாடிக்கையாளர் பத்துப் பேரிடம் சொல்வார். பாய்ச்சலில் எத்தனை பங்கு நானூறு ரூபாய் ஃபில்டருடையது, எத்தனை பங்கு இருபதாயிரம் ரூபாய் ஃபைலுடையது என்று யாருக்கும் தெரியாது. டியூனருக்கே தெரியாது. என்னைக் கேட்டால் நம் தொழிலின் பெரிய ஏமாற்று இங்கேதான் இருக்கிறது. பொய் எண் சொல்கிறவரைக்கூட ஒருநாள் பிடித்துவிடலாம். சர்வீஸை டியூனிங் என்று விற்கிறவரைப் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் வாடிக்கையாளர் திருப்தியாகப் போகிறார்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் சர்வீஸ். அதன்பிறகு அளவு. அந்த அளவுதான் "முன்பு" என்று எழுதப்படும். அடைத்த ஃபில்டரோடு எடுத்த அளவை "முன்பு" என்று காட்டி கியாரண்டியை நிறைவேற்றுவது திருட்டு.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. வண்டி முதலில் கொடுத்த பவரைத் திரும்பக் கொண்டுவருவதற்கு நீங்கள் தைரியமாக கியாரண்டி எழுதலாம். எட்ட வேண்டிய எண் கம்பெனி அச்சடித்தது, சட்டத்திலும் சிக்கல் இல்லை. இந்த வட்டாரத்தில் வருகிற பத்து வண்டியில் பெரும்பாலானவற்றுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது. மேப் கேட்டு வந்த அண்ணாச்சி ஃபில்டரோடு திரும்பிப் போனால் அன்றைக்கு நஷ்டம்தான். ஆனால் அவர் மறுபடி வருவார்.

எந்த அளவு, எந்தத் தராசு

குளத்தூரில் டைனோ கிடையாது. சக்கரத்தை உருளையில் ஏற்றிப் பவர் அளக்கும் அந்த மேடைக்குக் கோவைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோதான் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். டீசலுக்கும் டோலுக்கும் மேடை வாடகைக்கும் ஆகிற செலவைப் பார்த்து, "எதுக்கு அதெல்லாம், ஓட்டிப் பார்த்தாலே தெரியும்" என்று இரண்டு பேருமே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஓட்டிப் பார்த்தால் தெரியாது. ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் இசியுவுக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி சந்தையில் கிடைக்கிறது. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாக இசியுவுக்குச் சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. இன்ஜின் பவர் ஒரு துளி கூடாது. ஆனால் ஓட்டுகிறவர், "என்னமா பாயுது!" என்பார். மனிதனின் முதுகும் காலும் பெடல் மாறியதையும் பவர் மாறியதையும் பிரித்துச் சொல்லாது.

கடிகாரம் பிடித்துப் பார்க்கலாமே என்பவருக்கு ஒரு கணக்கு. மணிக்கு 40-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஒரு வண்டி 8 விநாடி எடுக்கிறது என்று வையுங்கள். பவர் 5 சதவீதம் கூடினால் மிச்சமாவது சுமார் 0.4 விநாடி. கடல்காற்று எதிரே அடித்தால் ஒரு கணக்கு, முதுகில் அடித்தால் இன்னொரு கணக்கு. இரண்டு திசையிலும் ஓட்டி, ஜிபிஎஸ் லாகர் வைத்துச் சராசரி எடுத்தால் டர்போ டீசலின் பெரிய உயர்வு ஓரளவு தெரியும், சின்ன உயர்வு தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை குளத்தூர்ப் பக்கம் நேராகக் கிடக்கிறதே என்று அதில் இறங்கிவிடவும் வேண்டாம். அறுப்புக் காலத்தில் அந்தச் சாலையோரம்தான் சோளமும் உளுந்தும் காயும், ஆட்டு மந்தை குறுக்கே போகும். பொதுச்சாலை சோதனைக்களம் அல்ல.

டைனோவுக்கே போனாலும் ஏமாற இடமுண்டு. கம்பெனி சொல்லும் எண் இன்ஜின் தண்டில் எடுத்தது. டைனோ காட்டுவது சக்கரத்தில். நடுவில் கியர்பாக்ஸ், சாஃப்ட், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்னும். 15 முதல் 20 சதவீதம் போகும் என்பது பொதுக்கணக்கு. 75 பிஎஸ் என்று விற்ற பொலேரோ உருளையில் 60, 64 என்று காட்டினால் வண்டியில் குறையில்லை. இதை முன்கூட்டியே சொல்லாமல் வாடிக்கையாளரை மேடைக்கு அழைத்துப் போனால், வேலை தொடங்குமுன்பே சண்டை தொடங்கிவிடும். இதையே தலைகீழாகப் பயன்படுத்தும் ஆட்களும் இருக்கிறார்கள். முன்பு என்று சக்கரத்து எண்ணையும் பின்பு என்று தண்டுக்கு மாற்றிய எண்ணையும் ஒரே தாளில் அச்சடித்துவிட்டால், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் 12 பிஎஸ் ஏறிவிடும்.

அடுத்தது வானிலை. சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, இன்ஜின் பவரும் குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியைக் காலை 26 டிகிரியிலும் மதியம் 38 டிகிரியிலும் அளந்தால் சூட்டால் மட்டும் 2 சதவீதம்போல வித்தியாசம் வரும். கடலோர ஈரம் காற்றின் இடத்தில் 3 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளும். இதைச் சரிக்கட்டத்தான் திருத்தக் கணக்குகள் இருக்கின்றன. அமெரிக்க எஸ்ஏஇ அமைப்பின் ஜே1349 முறை 25 டிகிரி சூட்டை அடிப்படையாக வைக்கிறது. பழைய "எஸ்டிடி" முறை 15.5 டிகிரியை வைக்கிறது. ஒரே ஓட்டத்தை இரண்டு முறையிலும் அச்செடுத்தால் எஸ்டிடி தாள் சுமார் 4 சதவீதம் கூடக் காட்டும். 83 பிஎஸ் பெட்ரோல் ஸ்விஃப்டில் அது 3 பிஎஸ்ஸுக்கு மேல். டர்போ இல்லாத சின்னப் பெட்ரோல் இன்ஜினுக்கு மேப் போட்டுக் கிடைக்கிற ஆதாயமே சுமார் அவ்வளவுதான்.

அதே வண்டியை அதே மேடையில் அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினாலும் ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் வரும். டயர் காற்று, கட்டுப்பட்டையின் இறுக்கம், முன்னால் வைத்த ஃபேன், இன்ஜின் சூடு எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆகவே டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு ஹெச்பி கியாரண்டி கேட்டால், பணிவாக மறுத்துவிடுங்கள். தராசின் நடுக்கத்தையே எடையாக விற்கிற வேலை அது.

உச்ச எண்ணை நம்பி எழுதாதீர்கள்

டர்போ டீசலில் கதை வேறு. இங்கே மேப்பால் உண்மையிலேயே இழுவை கூடும். டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் சேர்த்து உயர்த்த இடம் இருக்கிறது. பல கார்களில் 20 சதவீதத்துக்கு மேலும் ஏறுவதுண்டு. ஆனால் எங்கே ஏறுகிறது என்பதைச் சொல்லாமல் கியாரண்டி எழுதினால் அர்த்தம் கிடையாது.

ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மாருதி ஸ்விஃப்ட் டீசலில் ஓடியது அதுதான். 4,000 சுற்றில் 75 பிஎஸ், 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் இழுவை. சுற்றையும் இழுவையையும் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் அந்தச் சுற்றில் எத்தனை பிஎஸ் என்று வரும். 2,000 சுற்றில் இந்த வண்டியின் பவர் 54 பிஎஸ். மேப் போட்டு அந்த இடத்தில் இழுவையை 220-க்குக் கொண்டுபோனால் 62 பிஎஸ்ஸைத் தாண்டும். எட்டுக்கு மேல் உயர்வு! ஆனால் 4,000 சுற்றில் டர்போவுக்கு மூச்சு முட்டும். அங்கே உச்ச எண் 75-லிருந்து 78-க்குத்தான் வந்திருக்கலாம். விளாத்திகுளம் ரோட்டில் நாலு பேரோடும் மூட்டைகளோடும் போகிறவர் வாழ்நாள் முழுக்க 1,800-க்கும் 2,500-க்கும் நடுவில்தான் ஓட்டுகிறார். அவருக்கு 78 என்பது கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பட்டம் மாதிரி. பேருக்கு நல்லது, சோறு போடாது.

டிராக்டர் வாங்குகிறவர்களிடம் இந்தத் தெளிவு ஏற்கெனவே இருக்கிறது. கரிசலில் கோடை உழவுக்கு ஐந்து கொத்துக் கலப்பையை இழுக்குமா, ஒன்பது கொத்தை இழுக்குமா என்று கேட்பார்களே தவிர, உச்சச் சுற்றில் என்ன என்று கேட்கமாட்டார்கள். டிராக்டருக்கு மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் நிறுவனம் பிடிஓ தண்டில் பவர் அளந்து சோதனை அறிக்கையே கொடுக்கிறது. காருக்கு வரும்போதுதான் அதே விவசாயி ஹெச்பியில் மயங்கிவிடுகிறார்.

அந்த மல்டிஜெட்டே 90 பிஎஸ்ஸாக எர்டிகாவிலும் வந்தது. "அதே இன்ஜின்தானே அண்ணாச்சி, ஃபைல்ல பூட்டி வச்சிருக்கான், திறந்துவிட்டா 90" என்று விற்பார்கள். அதே இன்ஜின் இல்லை. 90 பிஎஸ் வண்டியில் இருப்பது இறக்கைக் கோணம் மாறும் டர்போ, 75-இல் இருப்பது மாறாத டர்போ. சாமான் மாறியதைச் சாஃப்ட்வேர் என்று சொல்லி வாங்குகிற காசுக்கு நுகர்வோர் ஆணையத்தில் பெயர் இருக்கிறது, கீழே வருகிறேன்.

இழுவை கூட்டினால் அதைத் தாங்க வேண்டியது கிளட்ச். கம்பெனி கிளட்ச் கம்பெனி இழுவைக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துச் செய்தது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய தட்டில் அந்த மிச்சமும் தேய்ந்திருக்கும். மேப் போட்ட மறுவாரம் கிளட்ச் எரிந்தால், "பவர் ஏறுனதாலதான அண்ணாச்சி எரிஞ்சுது, கியாரண்டி நிறைவேறிட்டுல்ல" என்று சொல்லவா முடியும்? பவருக்கு கியாரண்டி கொடுக்கிறவர் அந்தப் பவரின் விளைவுக்கு யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். பெரும்பாலான பட்டறைத் தாள்களில் அந்த வரியே இருப்பதில்லை.

கம்பெனிகளே மாட்டிய இடம்

நம்மைவிடப் பல ஆயிரம் மடங்கு கருவிகளும் பொறியாளர்களும் வைத்திருக்கும் நிறுவனங்களே ஹெச்பி வாக்குறுதியில் சறுக்கியிருக்கின்றன. 1999-இல் ஃபோர்டு தன் மஸ்டாங் கோப்ராவை 320 குதிரைத்திறன் என்று விற்றது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தார்கள், அவ்வளவு வரவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, காற்று போகும் மேனிஃபோல்டு முதல் புகைக்குழாய் வரை மாற்றிக் கொடுத்தது. 2001-இல் மாஸ்டா அமெரிக்காவில் தன் மியாட்டாவுக்கு 155 என்று சொல்லிவிட்டு, பிறகு 142 என்று திருத்தியது. வேண்டாம் என்கிறவர்களிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தது. இரண்டு இடத்திலும் கவனிக்க வேண்டியது எண் தவறியதை அல்ல. தவறியபோது எதைத் திருப்பிக் கொடுப்பது என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு பதில் இருந்தது.

நம் மாநிலத்திலேயே கியாரண்டியோடு விற்ற டியூனிங் உண்டு. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாட்டா மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து ஜேடிபி என்ற பெயரில் 2018 அக்டோபரில் டியாகோ, டிகோர் இரண்டையும் பவர் கூட்டி இறக்கின. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தை டியாகோ ஜேடிபி 9.95 விநாடியில் தொடும் என்று எழுதியே கொடுத்தார்கள். அவர்களால் எப்படி முடிந்தது? இன்ஜினை மட்டும் தொடவில்லை. சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, டயரை அகலமாக்கி, கியர் விகிதத்தை மாற்றி, முழு வண்டிக்கும் அரசு அங்கீகாரம் வாங்கி, ஆர்.சி.யில் அந்த எண்ணே ஏறுகிற மாதிரி விற்றார்கள். பந்தயத்தில் பழகிய கோவைப் பட்டறை மரபுக்கு அது பெருமைதான். அந்த வண்டிகள் நீண்டகாலம் சந்தையில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு ஹெச்பி கியாரண்டிக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் இல்லை.

எழுதினால் யார் மாட்டுவார்

டியூனர்கள் அதிகம் யோசிக்காத இடம் இது. இப்போதைய ஆர்.சி. அட்டையில் சிசியோடு குதிரைத்திறனும் பதிவாகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று 52-ஆம் பிரிவே விளக்கம் தருகிறது. சாஃப்ட்வேர் அதில் வருமா என்று வாதாட இடமுண்டு. ஆனால் வாதாட வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் வாடிக்கையாளர். அவர் சட்டைப்பையில், "இந்த வண்டியின் பவரை 75-லிருந்து 92-க்கு உயர்த்தியிருக்கிறோம்" என்று முத்திரை குத்திய உங்கள் கியாரண்டித் தாள் இருக்கிறது. ஆர்.சி.யில் 75. விபத்து ஒன்று நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் கையில் அந்தத் தாள் கிடைத்தால், சொல்லாமல் செய்த மாற்றம் என்று இழப்பீட்டை மறுக்க அது ஒன்றே வசதியாகப் போதும். ஹெச்பி கியாரண்டி எழுதி வாங்குகிறவர் தனக்கு எதிரான சாட்சியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

சரி, எழுதாமல் வாயால் சொல்லிவிடலாமே? அங்கே இன்னொரு சட்டம் நிற்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையான சோதனை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்குப் பொதுமக்களிடம் உத்தரவாதம் கொடுப்பதை நியாயமற்ற வணிக முறை என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. வாயால் சொன்னதும் அதில் அடங்கும், போர்டில் எழுதியதும் அடங்கும். சோதனை செய்துதான் சொன்னேன் என்று வாதிட்டால், நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சொன்னவர் தலையில். வாடகை வண்டிக்காரர் வணிகத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் ஆகமாட்டார் என்று நம்பியும் இருக்க வேண்டாம். சொந்தமாக ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. தூத்துக்குடி மாவட்ட ஆணையத்துக்கு அவர் வக்கீல் இல்லாமலே போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எழுதினால் வாடிக்கையாளர் மாட்டுகிறார், எழுதாவிட்டால் நீங்கள் மாட்டுகிறீர்கள். ரோட்டில் ஓடுகிற, ஆர்.சி. உள்ள வண்டிக்கு "இத்தனை ஹெச்பி உயர்த்துவேன்" என்ற கியாரண்டியை இந்த நூல் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 டீசல் வண்டியில் டிபிஎஃப்-ஐக் கழற்றி மேப் போடச் சொன்னால், கியாரண்டி என்ன, வேலையையே எடுக்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலும் ஓடப்போகிற பந்தய வண்டி என்றால் தாராளமாக எழுதுங்கள். அங்கே எண் தப்பினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கடிகாரம் சொல்லிவிடும்.

தாளில் என்ன எழுதுவது

ரோட்டு வண்டிக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், சர்வீஸில் மாற்றிய சாமான்கள், அவற்றுக்குத் தனி விலை. சர்வீஸ் முடிந்தபின் எடுத்த அளவு: எந்த டைனோ, எந்தத் தேதி, எந்த கியர், காற்றின் சூடு, எந்தத் திருத்தக் கணக்கு, 2,000 சுற்றில் சக்கரத்தில் எத்தனை, உச்சத்தில் எத்தனை. மூன்று ஓட்டத்தையும் எழுதுங்கள், நல்லதாக வந்த ஒன்றை மட்டும் பொறுக்காதீர்கள். கம்பெனி எண்ணிலிருந்து சக்கர இழப்பு போக வர வேண்டிய அளவு வரவில்லை என்றால், எந்தக் குறை மிச்சம், அதைச் சரிசெய்ய என்ன ஆகும் என்பதையும் எழுதி, கூலியில் எவ்வளவு திருப்புவீர்கள் என்று தொகையாகவே குறியுங்கள். "நியாயமான தொகை" என்று எழுதுவது சண்டைக்கு வெற்றிலை பாக்கு வைப்பது.

இசியுவைத் தொட்டிருந்தால் பழைய ஃபைலை உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, வாடிக்கையாளர் கையில் பென்டிரைவில் ஒன்று என்று கொடுங்கள். எப்போது கேட்டாலும் இலவசமாகப் பழையபடி ஏற்றித் தருவேன் என்பது டியூனர் கொடுக்கக்கூடியதிலேயே உயர்ந்த கியாரண்டி. அதைக் கொடுக்கத் தயங்குகிறவர் பழைய ஃபைலைப் படிக்காமலே புதியதை எழுதியவராக இருக்கலாம். நம் தொழிலில் அது அபூர்வம் இல்லை.

பந்தய வண்டிக்கு உயர்வு எழுதும்போது எண்ணை எங்கிருந்து எடுப்பது? அதே இன்ஜினுக்கு உங்கள் பட்டறையில் வந்த அளவுகளில் ஆகக் குறைந்ததை எடுங்கள். அதிலிருந்து டைனோவின் 2 சதவீதத் தடுமாற்றத்தைக் கழியுங்கள். வருவது பார்க்கச் சிறிதாக இருக்கும். பக்கத்துப் பட்டறை போர்டில் அதைப்போல இரண்டு மடங்கு எழுதியிருக்கும். எழுதட்டும். அந்த இன்ஜினில் நாலைந்து வண்டிகூடச் செய்யவில்லை என்றால் எண்ணே எழுதாதீர்கள். அளந்து காட்டுவேன், பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிப் பணத்தைத் தருவேன் என்பது போதும்.

தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டபின் ஒரு நகலைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருங்கள். நுகர்வோர் வழக்குக்கான கெடு அவ்வளவு. டைனோ அச்சுத்தாள் வெயிலில் வெளுத்துவிடும், போனில் படம் எடுத்து வண்டி எண்ணில் சேமியுங்கள். பணத்தைத் திருப்ப நேரும்போது மேடை வாடகையை அதில் பிடிக்காதீர்கள். அது முதல் நாளே தனி ரசீதில் வாங்கியிருக்க வேண்டிய காசு. வாங்காமல் விட்டிருந்தால் உங்கள் செலவு.